படிமத் தொகுப்பு மென்பொருட்களின் தாமதமும் செயலிழப்பும்

படிமத் தொகுப்பு மென்பொருளில் தாமதம் என்பது, பயனர் ஒரு கட்டளையைத் தருவதற்கும் அதன் விளைவு திரையில் தோன்றுவதற்கும் இடையே உணரத்தக்க இடைவெளி ஏற்படுவதாகும். செயலிழப்பு என்பது மென்பொருள் தன் இயக்கத்தைத் தொடர இயலாமல் திடீரென மூடிக்கொள்வதைக் குறிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே உறைநிலை என்றொன்று உண்டு. அப்போது சாளரம் திரையில் இருக்கும். ஆனால் சுட்டிக்கோ விசைப்பலகைக்கோ மறுமொழி தராது. பேச்சு வழக்கில் இம்மூன்றும் "ஹேங் ஆகிவிட்டது" என்ற ஒரே தொடரால் சுட்டப்படுகின்றன. காரணங்கள் வேறுவேறானவை என்பதால் இவற்றைப் பிரித்தறிவது தேவையாகும்.

அடோபி ஃபோட்டோஷாப், கிம்ப், கிரிதா முதலிய மென்பொருட்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட வரலாறு உடையவை. எனினும் அவற்றில் தோன்றும் தாமதத்துக்கும் செயலிழப்புக்குமான காரணங்கள் பெரும்பாலும் பொதுவானவை. அவற்றுள் முதன்மையானது நினைவகப் பற்றாக்குறை ஆகும். பல வேளைகளில் தாமதம் என்பது, செயலிழப்பைத் தவிர்க்க மென்பொருள் எடுத்துக்கொள்ளும் முயற்சியின் வெளிப்பாடே. நினைவகம் போதாதபோது அது வட்டைத் துணைக்கு அழைக்கிறது, வட்டு மெதுவானது, ஆகவே பயனர் காத்திருக்க நேர்கிறது. வட்டிலும் இடமில்லாதபோதுதான் பணி நின்றுபோகிறது.

படிமமும் நினைவகமும்

வட்டில் உள்ள கோப்பின் அளவைக் கொண்டு படிமத்தின் அளவை மதிப்பிடுவது பரவலாகக் காணப்படும் தவறாகும். ஜேபெக் வடிவக் கோப்பு சுருக்கப்பட்டது. தொகுப்பு மென்பொருள் அதைத் திறக்கும்போது சுருக்கத்தை விரித்து, பிக்சல் எனப்படும் ஒவ்வொரு படப்புள்ளியின் நிற மதிப்பையும் நினைவகத்தில் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் கொண்ட ஓர் ஒளிப்படத்தில் 1 கோடியே 20 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. வட்டில் இது 4 அல்லது 5 மெகாபைட்டு இடத்தையே பிடிக்கக்கூடும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் ஒரு பைட்டு வீதம் எழுதினால் 36 மெகாபைட்டு தேவை. ஒளிபுகுதன்மைக்கான நான்காவது தடத்தைச் சேர்த்தால் 48 மெகாபைட்டு ஆகும். நிறத்துக்கு 8 பிட்டுக்குப் பதிலாக 16 பிட்டு பயன்படுத்தினால் 96 மெகாபைட்டு. 32 பிட்டு பதின்ம எண்களைப் பயன்படுத்தினால் 192 மெகாபைட்டு.

இது ஓர் அடுக்குக்கான கணக்கு மட்டுமே. முழு அளவுள்ள எட்டு அடுக்குகள் இருப்பின் 8 பிட்டு முறையிலேயே 384 மெகாபைட்டும், 32 பிட்டு முறையில் 1536 மெகாபைட்டும் தேவைப்படும். இதற்கு மேல், செய்ததை மீளப்பெறும் வசதிக்காக மென்பொருள் பழைய நிலைகளையும் காத்து வைக்கிறது. முழு அடுக்கையும் மாற்றும் ஒரு வடிகட்டியை இட்டால், மாற்றத்துக்கு முந்தைய 48 மெகாபைட்டும் தங்கிவிடும். அத்தகைய 20 படிகள் சேர்ந்தால் ஏறக்குறைய 1 கிகாபைட்டு ஆகிவிடுகிறது. 5 மெகாபைட்டுக் கோப்பைத் திறந்தவர் தம் கணினி ஏன் திணறுகிறது என்று வியப்பதற்கு இதுவே காரணம்.

அச்சுப் பணியில் கணக்கு இன்னும் பெரிதாகும். 20 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட ஒரு பதாகையை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற செறிவில் அமைத்தால், அது 72,000 புள்ளி அகலமும் 36,000 புள்ளி உயரமும் உடையதாகும். அதாவது 259 கோடியே 20 இலட்சம் படப்புள்ளிகள். அச்சுக்குரிய நான்கு வண்ண முறையில் ஓர் அடுக்குக்கே 10 கிகாபைட்டுக்கு மேல் தேவை. ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. வடிவம் ஒரு பக்கத்துக்கு 30,000 புள்ளிகளையே அனுமதிப்பதால் இப்படிமத்தை அவ்வடிவத்தில் சேமிக்கவும் இயலாது, பி.எஸ்.பி. எனப்படும் பெரும் ஆவண வடிவமே வேண்டும். அதே பதாகையை 72 புள்ளிச் செறிவில் அமைத்தால் தேவை 17 மடங்கு குறைந்து, அடுக்குக்குச் சுமார் 600 மெகாபைட்டில் நின்றுவிடும். தெருவின் மறுபக்கத்திலிருந்து பார்க்கப்படும் பதாகைக்கு இச்செறிவு பெரும்பாலும் போதுமானது. கையில் வைத்துப் படிக்கும் நூலுக்குரிய செறிவைப் பதாகைக்கும் இடுவதால் எழும் தாமதத்தை எந்தக் கணினியும் முழுமையாகத் தீர்க்காது. செறிவைத் திருத்துவதே தீர்வு.

ஓடுகளும் தற்காலிக வட்டும்

பெரிய படிமத்தை ஒரே துண்டாகக் கையாளுவது கடினம். எனவே தொகுப்பு மென்பொருட்கள் படிமத்தைத் தரையில் பதிக்கும் ஓடுகளைப் போலச் சிறு சதுரங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. கிம்ப்பின் பழைய பதிப்புகளில் ஓர் ஓடு 64 புள்ளிக்கு 64 புள்ளி அளவுடையதாக இருந்தது. பயனர் ஒரு மூலையில் தூரிகையை இழுத்தால் அம்மூலையில் உள்ள ஓடுகள் மட்டுமே மாறும். மீளப்பெறுவதற்காக அவை மட்டுமே நகலெடுக்கப்படும். ஓர் அடுக்கை நகல் எடுத்தால்கூட, கிம்ப் உடனே நினைவகத்தை இரட்டிப்பாக்குவதில்லை. இரண்டு அடுக்குகளும் ஒரே ஓடுகளைப் பகிர்ந்துகொண்டு, ஒன்றில் மாற்றம் நிகழும்போதே பிரிகின்றன.

நினைவகத்தில் ஒதுக்கிய இடம் நிரம்பியதும், அண்மையில் பயன்படாத ஓடுகள் வட்டில் உள்ள தற்காலிகக் கோப்புக்கு அனுப்பப்படுகின்றன. ஃபோட்டோஷாப்பில் இதற்குரிய வட்டு பணிவட்டு என்ற பொருளில் அழைக்கப்படுகிறது. கிம்ப்பில் இது இடமாற்றக் கோப்பு எனப்படும். ஓட்டை மீண்டும் நாடும்போது அது வட்டிலிருந்து படிக்கப்பட வேண்டும். இங்கேதான் தாமதம் பிறக்கிறது. சுழலும் வன்தட்டில் ஓரிடத்தைத் தேடி அடைய ஏறத்தாழ 10 மில்லி வினாடி ஆகும். நினைவகத்தில் இதே செயல் ஒரு கோடியில் ஒரு பங்கு வினாடி அளவில் முடிந்துவிடுகிறது. வேறுபாடு ஏறக்குறைய ஓர் இலட்சம் மடங்கு. திண்மநிலை வட்டு இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்தாலும் நினைவகத்துக்கு ஈடாகாது.

இதனால் மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்பது முக்கியமான அமைவாகிறது. இருப்பதனைத்தையும் ஒதுக்கிவிடுவது நல்லது எனத் தோன்றலாம். உண்மையில் அது எதிர்விளைவையே தரும். இயங்குதளத்துக்கு இடமில்லாமல் போனால் அதுவும் தன் பங்குக்கு நினைவகத்தை வட்டுக்கு மாற்றத் தொடங்கும். ஒரே வட்டில் இரு வேறு இடமாற்றங்கள் ஒன்றையொன்று மறிக்கும். ஃபோட்டோஷாப்பில் இயல்பாக 70 விழுக்காடு மட்டும் ஒதுக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

வரலாறு

கிம்ப்பின் தோற்றமே ஒரு செயலிழப்புடன் தொடர்புடையது. 1995 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த இசுப்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிசு ஆகியோர் நிரல்பெயர்ப்பிப் பாடத்துக்காக லிசுப்பு மொழியில் ஒரு செயற்றிட்டத்தில் ஈடுபட்டிருந்தனர். தனக்குத் தேவையான 17 மெகாபைட்டு நினைவகத்தைப் பெற முடியாமல் லிசுப்பு நிலைகுலைந்து நின்றது. சலிப்புற்ற இருவரும் அத்திட்டத்தைக் கைவிட்டு, சி மொழியில் ஒரு படிமத் தொகுப்பு மென்பொருளை எழுத முனைந்தனர். 1996 இல் அதன் 0.54 பதிப்பு பொதுமக்களுக்கு வெளியானது. ஓடு முறையிலான நினைவக மேலாண்மை அதையடுத்து வந்த 0.99 பதிப்புகளில் இடம்பெற்று, 1998 இல் வெளிவந்த 1.0 பதிப்பில் நிலைபெற்றது.

தாமசு நோல், ஜான் நோல் ஆகிய உடன்பிறந்தோர் உருவாக்கிய ஃபோட்டோஷாப், 1990 இல் மாக்கின்டாசு கணினிகளுக்காக வெளியானது. 1994 இல் வந்த 3.0 பதிப்பில் அடுக்குகளும், 1998 இல் வந்த 5.0 பதிப்பில் பல படி மீளப்பெறும் வசதியும் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் ஒரே ஒரு படியை மட்டுமே மீளப்பெற இயலும். பயனருக்கு மிக உதவியான இவ்விரண்டு வசதிகளுமே நினைவகத்தை மிகுதியாக விழுங்குபவை என்பது குறிப்பிடத்தக்கது.

2000களில் பயனர்களை வாட்டிய தடை வேறொன்றாகும். 32 பிட்டு முகவரியால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட இடத்தைச் சுட்ட இயலாது. விண்டோசு இயங்குதளத்தில் அதிலும் பாதியே, அதாவது 2 கிகாபைட்டே, ஒரு மென்பொருளுக்கு இயல்பாகக் கிடைத்தது. எனவே எவ்வளவு நினைவகம் வாங்கிப் பொருத்தினாலும் "நினைவகம் போதவில்லை" என்ற செய்தி தொடர்ந்து வந்தது. ஃபோட்டோஷாப்பின் 64 பிட்டுப் பதிப்பு விண்டோசுக்கு 2008 இல் சி.எஸ்.4 உடன் வந்தது. ஆப்பிள் நிறுவனம் கார்பன் நிரலகத்துக்கு 64 பிட்டு ஆதரவு அளிக்கும் திட்டத்தை 2007 இல் கைவிட்டதால், மாக் பயனர்கள் 2010 இன் சி.எஸ்.5 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கிம்ப்பில் ஜி.இ.ஜி.எல். என்னும் புதிய படிமப் பொறியின் இணைப்பு 2008 இல் 2.6 பதிப்பில் தொடங்கி, 2018 இன் 2.10 பதிப்பில் பெரும்பகுதி நிறைவுற்றது. இதனால் 16, 32 பிட்டு நிறங்களைக் கையாளவும், செயலியின் பல கருக்களைப் பயன்படுத்தவும் வழி பிறந்தது. 2025 இல் வெளியான 3.0 பதிப்பில், வடிகட்டிகளைப் படிமத்தில் நிலையாகப் பதிக்காமல் அடுக்கின் மேல் வைத்திருக்கும் முறை வந்தது. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் கீழுள்ள புள்ளிகள் மாறும்போது வடிகட்டியையும் மீண்டும் கணக்கிட வேண்டும். அத்தகைய பல வடிகட்டிகள் ஓர் அடுக்கில் குவிந்தால் தாமதம் திரும்பிவிடும்.

தாமதத்தின் பிற காரணங்கள்

எல்லாத் தாமதமும் நினைவகத்தால் வருவதில்லை. தூரிகையை இழுக்கும்போது மட்டும் கோடு பின்தங்கி வருமானால், முதலில் தூரிகையின் அமைவைப் பார்க்க வேண்டும். தூரிகைக் கோடு என்பது தொடர்ச்சியான கோடன்று. அடுத்தடுத்துக் குத்தப்படும் முத்திரைகளின் வரிசை. முத்திரைகளுக்கு இடையேயுள்ள தொலைவு தூரிகையின் விட்டத்தில் இத்தனை விழுக்காடு எனக் குறிக்கப்படுகிறது. 1000 புள்ளி விட்டமுள்ள வட்டத் தூரிகையின் ஒரு முத்திரை ஏறத்தாழ 7 இலட்சத்து 85 ஆயிரம் புள்ளிகளை மூடும். 5000 புள்ளி நீளத்துக்குக் கோடு இழுக்கும்போது இடைவெளி 25 விழுக்காடாக இருந்தால் 20 முத்திரைகள் போதும். 1 விழுக்காடாக இருந்தால் 500 முத்திரைகள், அதாவது 39 கோடிக்கு மேற்பட்ட புள்ளிக் கணக்குகள் வேண்டும். மென்மையான விளிம்புடைய பெரிய தூரிகைக்கு 1 விழுக்காட்டு இடைவெளியால் கண்ணுக்குத் தெரியும் பயன் ஏதும் இல்லை.

வரைபலகையும் எழுதுகோலும் பயன்படுத்துவோருக்கு மட்டும் தாமதம் ஏற்பட்டு, சுட்டியால் வரையும்போது ஏற்படவில்லையெனில் வரைபலகையின் இயக்கி மென்பொருளே ஐயத்துக்குரியது. விண்டோசில் எழுதுகோலை அழுத்திப் பிடித்தால் வலச்சொடுக்காகக் கொள்ளும் வசதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் ஒரு சிறு தயக்கம் ஏற்படுவதற்கு இது பெரும்பாலும் காரணமாகிறது, இதை நிறுத்திவிடலாம்.

தொடங்கும்போதே நெடுநேரம் பிடித்தால் எழுத்துருக்களை நோக்க வேண்டும். மென்பொருள் நிறுவப்பட்ட எழுத்துருக்கள் அனைத்தையும் படித்துப் பட்டியலிடுகிறது. தமிழில் அச்சுப் பணி செய்வோரின் கணினிகளில் ஒருங்குறிக்கு முந்தைய குறியாக்கங்களில் அமைந்த பாமினி போன்ற எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் தங்கியிருப்பது வழக்கம். அவற்றுள் சில பழுதானவையாகவும் இருப்பதுண்டு. பழுதான ஓர் எழுத்துரு தாமதத்தோடு நில்லாமல் செயலிழப்பையே உண்டாக்கலாம். தேவையற்றவற்றை வேறு கோப்புறைக்கு மாற்றி வைத்தால் போதும், அழிக்க வேண்டியதில்லை. கிம்ப் 2.10 இல் எழுத்துருக்கள் பின்னணியில் ஏற்றப்படுவதால் தொடக்கம் விரைவாயிற்று.

சில வடிகட்டிகள் செயலியின் ஒரே கருவை மட்டும் பயன்படுத்துகின்றன. எட்டுக் கருக்கள் உள்ள கணினியிலும் அவை ஒற்றைக் கருக் கணினியில் இயங்குவதுபோலவே இயங்கும். இதற்குப் பயனர் செய்யத்தக்கது அதிகமில்லை. படிமத்தைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கும்போது, முன்கூட்டியே சுருக்கி வைத்த படிகளை மென்பொருள் திரையில் காட்டுகிறது. 2016 இல் கிரிதா 3.0 உடனடி முன்தோற்றம் என்னும் முறையைக் கொண்டுவந்தது. அதில் கோடு முதலில் சுருங்கிய படியில் வரையப்பட்டு, முழு அளவுக் கணக்கு பின்னர் முடிக்கப்படுகிறது.

மடிக்கணினியில் முதல் பத்து நிமிடம் விரைவாக இருந்து பின்னர் மந்தமானால் அது வெப்பத்தின் அடையாளம். சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விசிறியில் படிந்த தூசியை நீக்குவது இங்கே எந்த மென்பொருள் அமைவையும்விடப் பயன் தரும்.

செயலிழப்பின் காரணங்கள்

மென்பொருள் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட முயலும்போது இயங்குதளம் அதை உடனடியாக நிறுத்திவிடுகிறது. பெரும்பாலான செயலிழப்புகளின் நேரடிக் காரணம் இதுவே. நிரலில் உள்ள வழு, செருகுநிரல், வரைகலை இயக்கி, பழுதான கோப்பு, பழுதான நினைவகச் சில்லு ஆகியவற்றுள் எதுவும் இந்நிலைக்கு இட்டுச்செல்லலாம்.

செருகுநிரல்களைப் பொறுத்தவரை மென்பொருட்களின் கட்டமைப்பு வேறுபடுகிறது. கிம்ப்பில் செருகுநிரல்கள் தனிச் செயல்முறைகளாக இயங்குகின்றன. ஒன்று வீழ்ந்தால் கிம்ப் வீழ்வதில்லை. செருகுநிரல் செயலிழந்தது என்ற அறிவிப்பு மட்டும் தோன்றும். கிம்ப்பின் உள்நிலை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும், படிமங்களைச் சேமித்துவிட்டு மீண்டும் தொடங்குவது நல்லது என்றும் அவ்வறிவிப்பு கூறும். பலர் இதைப் படிக்காமலே மூடிவிட்டுப் பணியைத் தொடர்கின்றனர். அந்த அறிவுரை பொருட்படுத்தத் தக்கது. இதற்கு மாறாக, ஃபோட்டோஷாப்பின் வழமையான வடிகட்டிச் செருகுநிரல்கள் மென்பொருளின் உள்ளேயே இயங்குவதால், அவற்றின் வழு முழு மென்பொருளையும் வீழ்த்தவல்லது.

வரைகலை அட்டையின் துணையைக் கொண்டு படிமங்களைக் கணக்கிடுவது விரைவானது. அதே வேளையில் புதிய செயலிழப்புகளின் ஊற்றும் அதுவே. வரைகலைச் செயலி 2 வினாடிக்குள் மறுமொழி தராவிட்டால் விண்டோசு அதன் இயக்கியை மீளத் தொடங்கிவிடுகிறது. அந்நேரத்தில் அதை நம்பியிருந்த தொகுப்பு மென்பொருள் தடுமாறுவது இயல்பு. கிம்ப் 2.10 வரிசையில் ஓப்பன்சிஎல் வழியான விரைவாக்கம் போதிய நிலைப்பாடு உடையதன்று எனக் கருதப்பட்டு, பின்னர் சோதனை அமைவுகளுக்குரிய பகுதிக்கு மாற்றப்பட்டது.

லினக்சில் நினைவகம் முற்றிலும் தீர்ந்தால், கருவகம் மிகுதியாக நினைவகம் பிடித்துள்ள செயல்முறையைத் தேர்ந்து கொன்றுவிடும். பெரும்பாலும் அது தொகுப்பு மென்பொருளாகவே இருக்கும். எவ்வித அறிவிப்புமின்றிச் சாளரம் மறைந்துபோவதால் பயனர் அதை மென்பொருளின் வழுவாக எண்ணுகிறார். கருவகத்தின் பதிவேட்டில் மட்டுமே உண்மை எழுதப்பட்டிருக்கும்.

பழுதான நினைவகச் சில்லு அரிதான காரணமே. ஆயினும் அது முதலில் வெளிப்படும் இடம் பெரும்பாலும் படிமத் தொகுப்பாகவே அமைகிறது. மடல் எழுதுபவரின் கணினி நினைவகத்தின் கடைசிப் பகுதியை ஒருபோதும் தொடாமலிருக்கலாம். பெரிய படிமத்தைத் திறப்பவர் முழுவதையும் தொடுகிறார். செயலிழப்பு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிகழ்வதும், படிமத்தில் பொருளற்ற வண்ணப் புள்ளிகள் தோன்றுவதும் இதன் அறிகுறிகள். மெம்டெசுட்டு86 போன்ற சோதனை நிரலை இரவு முழுவதும் இயக்கி இதை உறுதிப்படுத்தலாம்.

காரணத்தைக் கண்டறிதல்

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இங்கு முதன்மையான விதி. இயக்கியைப் புதுப்பித்து, அமைவுகளை அழித்து, மென்பொருளையும் மீள நிறுவிய பின் சிக்கல் தீர்ந்தால், எது காரணமென்று தெரியாமலே போய்விடும். மறுமுறை அதே சிக்கல் வரும்போது மூன்றையும் மீண்டும் செய்ய நேரும்.

முதல் வினா, சிக்கல் ஒரு கோப்பில் மட்டுமா, எல்லாக் கோப்புகளிலுமா என்பதாகும். புதிய வெற்றுப் படிமத்தில் சிக்கல் இல்லையெனில் கோப்பின் அளவையோ பழுதையோ ஆராய வேண்டும். எல்லாவற்றிலும் இருப்பின் மென்பொருளின் அமைவு, செருகுநிரல், வரைகலை என்ற வரிசையில் செல்லலாம்.

நினைவகப் பற்றாக்குறையை ஊகிக்க வேண்டியதில்லை, நேரே காணலாம். ஃபோட்டோஷாப் சாளரத்தின் அடிப்பட்டையில் செயல்திறன் என்ற எண்ணைத் தோன்றச் செய்யலாம். அது 100 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பணிவட்டு பயன்பாட்டில் உள்ளது என்பது பொருள். கிம்ப் 2.10 முதல் உள்ள கட்டுப்பாட்டுப் பலகம் ஓட்டு நினைவகம், இடமாற்றக் கோப்பு, செயலி ஆகியவற்றின் பயன்பாட்டை வரைபடமாகக் காட்டுகிறது. இவற்றைப் பாராமலே புதிய வரைகலை அட்டை வாங்குவோர் பலர். இடமாற்றத்தால் வரும் தாமதத்தை அது சிறிதும் குறைக்காது. அதைவிடக் குறைந்த விலையில் கூடுதல் நினைவகமோ திண்மநிலை வட்டோ கிடைத்திருக்கும்.

பற்றாக்குறை உறுதியானால், மீளப்பெறும் படிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது செலவில்லாத முதல் தீர்வாகும். ஃபோட்டோஷாப்பின் தற்போதைய பதிப்புகளில் இது இயல்பாக 50. கிம்ப்பில் குறைந்த அளவுப் படிகளும், அதற்கு மேற்பட்டவற்றுக்கான நினைவக வரம்பும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. முடிந்துபோன அடுக்குகளை ஒன்றிணைப்பதும் உதவும். இணைத்தபின் பிரிக்க இயலாது என்பதால் முன்னதாக ஒரு நகலைச் சேமிப்பது முறை. பணிவட்டில் இடமில்லை என்ற செய்தி வந்தால் அது நினைவகத்தைப் பற்றியதன்று, வட்டைப் பற்றியது. முன்பு நிகழ்ந்த செயலிழப்புகளின்போது நீக்கப்படாமல் தங்கிய தற்காலிகக் கோப்புகளே சில வேளைகளில் அவ்விடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

அமைவுக் கோப்பு பழுதானால் மென்பொருள் தொடங்கும்போதே வீழலாம். ஃபோட்டோஷாப்பைத் தொடங்கும்போது விண்டோசில் கன்ட்ரோல், ஆல்ட், சிஃப்டு ஆகிய மூன்று விசைகளையும் அழுத்திப் பிடித்தால் அமைவுகளை இயல்புநிலைக்கு மீட்கலாம். சிஃப்டு விசையை மட்டும் அழுத்தினால் பிறர் ஆக்கிய செருகுநிரல்களைத் தவிர்த்துத் தொடங்க வழியுண்டு. கிம்ப்பில் பயனரின் அமைவுக் கோப்புறைக்கு வேறு பெயரிட்டுவிட்டுத் தொடங்கினால் புதியதொன்று உருவாகும். பழையதை அழிப்பது தவறு. பயனர் சேர்த்த தூரிகைகளும் நிரல்வரைவுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. வரைகலை அட்டையை ஐயுற்றால் விருப்பத்தேர்வுகளில் அதன் பயன்பாட்டை நிறுத்திப் பார்ப்பது, இயக்கியை மாற்றுவதைவிட எளிய சோதனையாகும்.

உறைந்த நிலையில் பணியைக் காத்தல்

காரணம் எதுவாயினும் பல மணிநேரப் பணி இழப்பில் முடியக்கூடும் என்பதே பயனருக்கு உண்மையான இழப்பு. எனவே சாளரம் உறைந்தவுடன் செய்யத்தக்கது காத்திருத்தலேயாகும். விண்டோசு 5 வினாடி மறுமொழி தராத சாளரத்தின் தலைப்பில் "பதிலளிக்கவில்லை" என்று எழுதிவிடுகிறது. மென்பொருள் இறந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. அது பெரியதொரு கணக்கில் மூழ்கியிருக்கலாம். பணி மேலாளரில் செயலியோ வட்டோ இயங்கிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தால் இன்னும் நம்பிக்கை உண்டு. மீண்டும் மீண்டும் சொடுக்குவது வரிசையில் புதிய கட்டளைகளைச் சேர்ப்பதாகவே முடியும். இணைய உலாவி போன்ற பிற மென்பொருட்களை மூடினால் விடுபடும் நினைவகம் உறைநிலையைத் தளர்த்தக்கூடும்.

மீண்டு வந்தவுடன் படிமத்தைப் புதிய பெயரில் சேமிக்க வேண்டும். பழைய பெயரிலேயே சேமிக்கும்போது நடுவில் செயலிழப்பு நேர்ந்தால் நல்ல படியும் கெட்டுப்போகலாம். வட்டு நிரம்பியிருப்பின் வேறு வட்டில் சேமிப்பது பாதுகாப்பானது. அவசரத்தில் ஜேபெக் வடிவில் சேமித்தால் அடுக்குகள் அனைத்தும் இழக்கப்படும். கிம்ப் 2012 இன் 2.8 பதிப்பிலிருந்து சேமித்தல் என்ற கட்டளையைத் தன் எக்ஸ்.சி.எஃப். வடிவுக்கு மட்டும் உரியதாக்கி, பிற வடிவங்களை ஏற்றுமதி எனப் பிரித்துவிட்டது. தொடக்கத்தில் இது பயனர்களின் கடும் அதிருப்தியைப் பெற்றது. ஆயினும் இவ்வகை இழப்பை அது தடுக்கிறது.

தானியங்கு மீட்பு வசதிகளும் உள்ளன. ஃபோட்டோஷாப் 2012 இன் சி.எஸ்.6 முதல் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை மீட்பு நகலைப் பின்னணியில் எழுதிவருகிறது. இயல்பான இடைவெளி 10 நிமிடம். கிம்ப் 2.10 வேறு வழியைக் கையாளுகிறது. செயலிழக்கும் தருணத்திலேயே திறந்திருக்கும் படிமங்களைச் சேமிக்க முயன்று, அடுத்த முறை தொடங்கும்போது அவற்றை மீட்க வேண்டுமா எனக் கேட்கும். செயலிழப்பின் விவரங்களைத் திரட்டி, நிரலாளர்களுக்கு அனுப்புவதற்கேற்ற உரையாகவும் தரும். ஆனால் மின்சாரம் தடைப்பட்டாலோ, லினக்சுக் கருவகம் மென்பொருளைக் கொன்றாலோ, இறுதி நகலை எழுத அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அத்தகைய இடங்களில் பயனர் தாமே கடைசியாகச் சேமித்த கோப்பு மட்டுமே எஞ்சும்.